துண்டாய்க் கிடந்தாலும் துவக்குத்தான்



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். துவக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். துவக்குச் சத்தம் கேட்காத ஓர் இடத்தில் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்றுதானே நாங்கள் கடல் கடந்து வந்தோம், பிறகு ஏன் இந்தக் கதை என்று நீங்கள் கேட்பது நியாயமே.

ஆனால் பலெர்மோவில் எங்களில் பெரும்பாலானோர் செய்கின்ற வேலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். வீடுகளைத் துப்புரவு செய்கிறோம். வயோதிபர்களைப் பராமரிக்கிறோம். அவர்கள் மறைந்த பின்பு வீட்டைக் காலி செய்வதற்கும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எண்பது, நூறு வருடத்துச் சாமான்கள் கிடக்கின்ற அந்த நிலவறைகளுக்குள் முதலில் கை வைப்பவர்கள் நாங்கள்தான். எனக்கு நடந்தது உங்களில் எவருக்கும் நடக்கலாம். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதைச் சொல்ல வந்தேன்.

நிலவறையில் கண்டது

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நான் பல வருடங்களாக வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு அப்போது தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. மகளோடு போய் இருக்கப் போவதால், கீழே உள்ள கந்தீனாவைக் காலி செய்து தரும்படி கேட்டார். உடைந்த கதிரைகள், வைன் போத்தல்கள், பழைய பத்திரிகைக் கட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், ஒரு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், சாக்கிலே சுற்றிய ஒரு நீளப் பொதி இருந்தது.

அவிழ்க்கும் முன்பே மணம் சொல்லிவிட்டது. பழைய எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த மணத்தை யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளில் நின்ற எவரும் மறக்க மாட்டார்கள். உள்ளே ஒரு நீண்ட இரும்புக் குழல், அதன் பின்முனையில் திருகிய உடற்பகுதி. தனியே ஒரு துணியில் சுற்றியபடி கைபிடியோடு கூடிய ஓர் இரும்புத் தண்டு. மூலையில் சாய்த்து வைத்தபடி மரக்கட்டை. குழலின் பின்பக்கத்தில் 'தெர்னி' என்றும் ஒரு வருடமும் பொறிக்கப்பட்டிருந்தன.

மேலே போய்ச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 1943 ஜூலையில் அமெரிக்கர்கள் பலெர்மோவுக்குள் வந்தபோது, படையில் இருந்த அவருடைய மூத்த அண்ணன் சீருடையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தாராம். துவக்கை மூன்றாகக் கழற்றி ஒளித்தாராம். அண்ணனும் இறந்துவிட்டார், அவர் ஒளித்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "எல்லாவற்றையும் எறிந்துவிடு" என்றார் சிஞ்ஞோரா.

நான் எறியவில்லை. குழலையும் கட்டையையும் அங்கேயே வைத்துவிட்டு, அந்த இரும்புத் தண்டை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது, தொழில்நுட்பப் பாடசாலையில் இயந்திரவியல் படித்து முடித்தவன். அவனுக்குக் காட்டினால் சந்தோசப்படுவான் என்பதைத் தவிர என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை.

அவன் சந்தோசப்பட்டான். அரை மணித்தியாலத்துக்குள் கைத்தொலைபேசியில் அதே தண்டைக் கண்டுபிடித்துவிட்டான். "அப்பா, இது கார்கானோட போல்ட். மிச்சத்தையும் எடுத்து வந்தால் நாங்களே பூட்டலாம். அமெரிக்காவில எல்லாரும் வீட்டில செய்யினம். இது லெகோ மாதிரித்தான்."

என் மனைவி குசினிக்குள் இருந்து வந்தா. மேசையில் கிடந்ததைப் பார்த்தா. "இதுக்கே நாங்கள் ஊரை விட்டு வந்தனாங்கள்?" என்று மட்டும் கேட்டா. அதற்குப் பிறகு அன்றைக்கு அவ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"இது துவக்கில்லையம்மா, ஒரு துண்டுதானே" என்றான் மகன். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு இரண்டு விதத்தில் பிழை. இயந்திரக் கணக்கிலும் பிழை, சட்டக் கணக்கிலும் பிழை. அதை விளக்குவதுதான் இந்தப் பேச்சு.

அது என்ன துவக்கு?

இத்தாலிய இராணுவத்தின் 1891ஆம் ஆண்டு மாதிரித் துவக்கு அது. ஊர்ச்சனம் 'நொவந்துனோ', அதாவது தொண்ணூற்றொன்று என்று சொல்வார்கள். தூரின் நகர ஆயுதச்சாலையில் பணியாற்றிய சல்வத்தோரே கார்கானோ என்பவரின் பெயரால் 'கார்கானோ' என்றும் அழைக்கப்படுகிறது. 6.5 மில்லிமீற்றர் ரவை. ஆறு ரவைகளை ஒரு சிறிய உலோகக் கிளிப்பில் அடுக்கி, கிளிப்போடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். கடைசி ரவை குழலுக்குள் ஏறியதும் வெறும் கிளிப் அடிப்பக்க ஓட்டையால் கீழே விழும். நீளத் துவக்கு ஒன்றே கால் மீற்றருக்குச் சற்றுக் கூட. குதிரைப்படைக்கு மடக்குக் கத்தியோடு கூடிய குட்டை வகையும் இருந்தது.

தெர்னி, பிரெஷா, தூரின், நேப்பிள்ஸுக்கு அருகே உள்ள தோரே அனுன்சியாத்தா எனப் பல இடங்களில் இலட்சக்கணக்கில் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் இத்தாலியச் சிப்பாயின் கையில் இருந்தது இதுதான். முசோலினி காலத்தில் பள்ளிப் பையன்களின் அணிவகுப்புக்கென்று இதே துவக்கைச் சின்ன உருவத்தில் செய்து கொடுத்தார்கள். சிஞ்ஞோரா அதைச் சொல்லும்போது கையால் உயரம் காட்டினார். "இவ்வளவு பையன்கள்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நாங்களும் அப்படிப்பட்ட உயரங்களைப் பார்த்தவர்கள்தானே.

மிச்சத் துவக்குகள் எங்கே போயின?

1943 ஜூலை 10ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ஜூலை 22ஆம் திகதி பலெர்மோ அவர்களின் கைக்கு வந்தது. கலைந்துபோன படையின் துவக்குகள் வயல்களிலும் கிணறுகளிலும் நிலவறைகளிலும் எஞ்சின. போர் முடிந்தாலும் அவை சும்மா இருக்கவில்லை. 1947 மே 1ஆம் திகதி, பலெர்மோவுக்குத் தெற்கே போர்தெல்லா தெல்லா ஜினெஸ்திரா என்ற இடத்தில் தொழிலாளர் தினத்துக்காகக் கூடியிருந்த ஏழை விவசாயக் குடும்பங்கள்மீது சல்வத்தோரே ஜூலியானோவின் கொள்ளைக் கூட்டம் சுட்டது. பதினொரு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தக் காலத்துச் சிசிலியில் போர் விட்டுச் சென்ற ஆயுதங்களுக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

இன்னொரு பக்கம், படைகளுக்குத் தேவைப்படாத பழைய துவக்குகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு மலிவு விலையில் போயின. அப்படிப் போன ஒன்றை 1963 மார்ச்சில் ஒருவர் வேறொரு பெயரில் சிக்காகோ கடையொன்றுக்குத் தபாலில் எழுதி வாங்கினார். தொலைநோக்கியோடு விலை 19 டொலர் 95 சதம், தபால் செலவு தனி. வாங்கியவர் லீ ஹார்வி ஒஸ்வால்ட். துவக்கு 1940இல் தெர்னியில் செய்த கார்கானோ. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட துவக்கு அதுதான்.

அதன் பின்பு 1968இல் அமெரிக்கா தபால்வழித் துவக்கு விற்பனையை இறுக்கியது. ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி துவக்கு என்று கணிக்கப்படுவது குழலும் போல்ட்டும் வந்து பூட்டும் அந்த உடற்பகுதி மட்டுமே. குழல், போல்ட், விசை, கட்டை எல்லாம் வெறும் உதிரிப்பாகங்கள். ஆகவே அங்கே ஒருவர் பழைய இராணுவ உதிரிகளைத் துண்டு துண்டாக வாங்கி, அனுமதியோடு பெற்ற ஓர் உடற்பகுதியில் பூட்டி, அதைப் படமெடுத்து உலகத்துக்கே காட்டலாம். என் மகன் பார்த்த படங்கள் எல்லாம் அந்த நாட்டுப் படங்கள். அங்குள்ளவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது அவருடைய நாட்டுக்கு மட்டும் பொருந்தும். எங்கள் பிள்ளைகள் பலெர்மோவில் இருந்து அதைப் பார்க்கும்போது அந்த எல்லை திரையில் தெரிவதில்லை.

ஏன் அது லெகோ அல்ல?

முதலில் இயந்திரக் கணக்கு. மகனோடு வாக்குவாதப்பட்டு, பிறகு இருவருமாக வாசித்து, அவனே எனக்கு விளங்கப்படுத்திய விடயம் இது.

இப்படிப்பட்ட துவக்கில் முக்கியமான பகுதிகள் சில. குழல். அதன் பின்முனையில் ரவை உட்காரும் அறை. குழலைத் திருகி இறுக்கும் உடற்பகுதி. அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட். இதை எங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் போல நினைத்துக்கொள்ளுங்கள். முன்னுக்குத் தள்ளிக் கீழே திருப்பினால் பூட்டும். போல்ட்டின் நடுவே ஓர் ஊசி. விசையை இழுத்ததும் ஊசி பாய்ந்து ரவையின் அடியில் குத்தும். இவற்றையெல்லாம் தாங்குவது மரக்கட்டை.

ரவை வெடிக்கும்போது உள்ளே எழும் அமுக்கம் இரண்டாயிரம் பாருக்கும் மேல். கார்ச் சில்லில் நாங்கள் அடிக்கும் காற்று இரண்டு பார் சொச்சம். ஆக, ஆயிரம் மடங்கு. அந்த அமுக்கத்தைப் பின்பக்கம் வரவிடாமல் அடைப்பது இரண்டு பொருட்கள். ஒன்று, ரவையின் பித்தளைக் கோது. அது வீங்கி அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. மற்றது, கோதின் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும் போல்ட்.

போல்ட்டின் முகத்துக்கும் ரவையின் அடிக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளிதான் இருக்கலாம். அது கூடினால் கோது பின்னுக்கு இழுபட்டுக் கிழியும். கிழிந்தால் கொதிக்கும் வாயு போல்ட்டின் பக்கவாட்டால் பின்னோக்கி வரும். பின்னால் இருப்பது சுடுபவரின் கண். இடைவெளி குறைந்தாலோ போல்ட் சரியாகப் பூட்டாது. தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு போல்ட்டை வைத்து, உருக்கினால் செய்த அளவுக் கட்டைகளை உள்ளே விட்டுச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். ஒரு கட்டைக்குப் போல்ட் பூட்ட வேண்டும், அதைவிடச் சற்று நீளமான மற்றக் கட்டைக்குப் பூட்டக் கூடாது.

ஊரில் பொலிசாரின் கையில் நாங்கள் கண்ட 'திறீ நொட் திறீ' பிரித்தானியர் விட்டுப்போன லீ என்பீல்ட் வகை. அதில் நான்காம் இலக்க மாதிரிக்கு இந்த இடைவெளியைச் சரிசெய்யவென்றே போல்ட்டின் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் செய்தார்கள். ஒரே மாதிரி, ஒரே தொழிற்சாலை, ஒரே வருடம் என்றாலும் ஒன்றின் போல்ட் மற்றதற்குப் பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். நான்கு துவக்குகளின் உதிரிகளைக் கூட்டினால் ஒரு துவக்கு வரும். அது பூட்டும், திறக்கும், விசை 'டிக்' என்று சத்தம் போடும். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. குறை தெரிய வருவது சுடும்போதுதான்.

கார்கானோவில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 1938இல் இத்தாலி 7.35 மில்லிமீற்றர் ரவைக்கு மாறப் பார்த்தது. போர் தொடங்கியதும் இரண்டு வகை ரவைகளை வழங்குவது முடியாத காரியமாகிப் பழையபடி 6.5க்கே திரும்பியது. அதனால் வெளியே ஒரே தோற்றத்தில் இரண்டு விட்டக் குழல்கள் உலாவுகின்றன. இரண்டாவது, முதலாம் உலகப் போரின் துவக்குத் தட்டுப்பாட்டில், 1870ஆம் ஆண்டு மாதிரியான வெத்தெர்லி என்ற பழைய துவக்குகளின் குழலுக்குள் இன்னொரு குழாயைச் செருகி 6.5 ரவை சுடும்படி மாற்றினார்கள். மென்மையான கருமருந்து ரவைக்கென்று செய்த உடம்பு அது. விபரம் தெரிந்தவர்கள் அதைச் சுவரில் மாட்டுவார்கள், சுட மாட்டார்கள்.

இதையெல்லாம் வாசித்து முடித்ததும் மகன், "லெகோ துண்டு எல்லாம் ஒரே அச்சில வாறது அப்பா, இது அப்பிடியில்லை" என்றான். அவன் படித்த படிப்பு அன்றைக்குத்தான் அவனுக்கே உதவியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இத்தாலியில் அமெரிக்கச் சட்டத்துக்கு நேர்மாறான ஏற்பாடு. துவக்கின் முக்கிய பாகம் ஒவ்வொன்றையும் சட்டம் ஆயுதமாகவே நடத்துகிறது. ஐரோப்பிய விதிகளை உள்வாங்கிய 2018ஆம் ஆண்டின் 104ஆம் இலக்கச் சட்ட ஆணை அந்தப் பாகங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: குழல், உடற்பகுதி, அதனோடு போல்ட். மரக்கட்டையும் வாரும் திருகாணியும் அதில் இல்லை. ஆகவே, என் பையில் பஸ்ஸில் வந்தது 'ஒரு துண்டு இரும்பு' அல்ல, சட்டத்தின் கண்ணில் அது துவக்குக் கணக்கு.

பொதுப் பாதுகாப்புச் சட்டம் 1931ஆம் ஆண்டு எழுதப்பட்டது, பல தடவை திருத்தப்பட்டது. அதன்படி ஆயுதமோ அதன் முக்கிய பாகமோ ரவையோ ஒருவர் கைக்கு வந்தால் 72 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கோ, பொலிஸ் இல்லாத ஊரில் கராபினியேரிக்கோ அறிவிக்க வேண்டும். இதற்குத்தான் 'தெனுன்சியா' என்று பெயர். வாங்குவதற்கு முன்பே குவெஸ்தூராவின் 'நுல்லா ஓஸ்தா' என்ற அனுமதியோ துவக்கு அனுமதிப்பத்திரமோ வேண்டும். நுல்லா ஓஸ்தா ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்கு வைத்தியச் சான்றிதழும் கேட்பார்கள். ஆயுதம் செய்வதற்கு உரிமம் வேண்டும். உதிரிகளைப் பொருத்தி ஒன்றாக்குவதையும் சட்டம் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்தால் 1967ஆம் ஆண்டின் 895ஆம் இலக்கச் சட்டம் வரும். போர் ஆயுதத்துக்கு மூன்று முதல் பன்னிரண்டு வருடச் சிறை, சாதாரண ஆயுதத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். குறைத்தாலும் அது சிறைதான்.

'இது நூறு வருடப் பழசு, காட்சிப்பொருள்' என்று சொல்லித் தப்பலாமா? 1975ஆம் ஆண்டின் 110ஆம் இலக்கச் சட்டம், வாய்ப்பக்கத்தால் மருந்து கிடிக்கும் துவக்குகளையும் 1890க்கு முன்பு செய்தவற்றையும் மட்டுமே 'பழம்பொருள் ஆயுதம்' என்கிறது. எங்களுடையது 1891ஆம் ஆண்டு மாதிரி. ஒரு வருடத்தால் தவறிவிட்டது.

துவக்கோடு மாட்டும் கத்தியையும் மறக்க வேண்டாம். பியாத்சா பெரான்னியிலோ வேறு பழைய சாமான் சந்தையிலோ கிடைத்தாலும், அது சமையல் கத்தி வரிசையில் சேராது. அதையும் ஆயுதமாகவே பார்ப்பார்கள்.

அப்படியென்றால் இந்த நாட்டில் பழைய துவக்கைப் பூட்டுபவர்களே இல்லையா? இருக்கிறார்கள். உரிமம் பெற்ற 'அர்மாயோலோ', அதாவது துவக்குத் திருத்துபவர், அதைச் செய்கிறார். பாகங்களை அவர்தான் அளந்து பொருத்துவார். சுடும் துவக்காக வேண்டுமானால் பிரெஷா மாகாணத்தின் கார்தோனே வால் திரோம்பியாவில் உள்ள தேசியச் சோதனை நிலையத்தில் பரீட்சித்து முத்திரை குத்துவார்கள். சுவரில் மாட்டத்தான் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2403 இலக்க ஒழுங்குவிதிப்படி, திரும்பச் சுடவே முடியாதபடி செயலிழக்கச் செய்து சான்றிதழ் தருவார்கள். ஆக, ஆசை குற்றமல்ல. குசினி மேசையில் செய்வதுதான் குற்றம்.

நான் செய்ததும், செய்திருக்க வேண்டியதும்

அப்போது எங்கள் குடும்பத்தின் குடியுரிமை மனு உள்ளே கிடந்தது. 1992ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் இலக்கமும் 91தான். அந்த எண் அந்த மாதம் முழுவதும் என்னைத் துரத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த எங்களுக்கு அது பத்து வருட வதிவிடம் கேட்கிறது, அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு ஐந்து. அத்தனை வருடம் வீட்டு வாடகையும் வரியும் ஒழுங்காகக் கட்டிச் சேர்த்ததை ஒரு சாண் இரும்புத் தண்டு இழுத்து விழுத்தப் பார்த்தது. ஆயுதக் குற்றம் என்று ஒரு பதிவு விழுந்தால் குடியுரிமைக்கு மட்டுமல்ல, வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதற்கும் இடைஞ்சல்.

முதல் யோசனை, இரவோடு இரவாகக் கடலில் எறிவது. இரண்டாவது, மறுநாள் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோய் வைப்பது. இரண்டும் பிழை என்று சொன்னது, வெளிநாட்டவருக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் இருந்த சட்டத்தரணி. எறிந்தால் மறைத்த குற்றம் சேரும். கொண்டுபோனால் இன்னொரு தடவை வீதியில் காவிய குற்றம் சேரும். "இருக்கிற இடத்தில் இருக்கட்டும். தொட வேண்டாம். நான் கராபினியேரிக்கு அறிவிக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கும் சிஞ்ஞோரா வீட்டுக்கும் சீருடைக்காரர் வந்தார்கள். எங்கள் மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டபோது என் மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றா. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் உடம்புக்கு அது தெரியாதே. எங்கே கண்டாய், யார் தொட்டது, ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். மகனுக்குக் காட்ட எடுத்தேன் என்றும் சொன்னேன். எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, பிரதி தந்தார்கள்.

ஏழு மாதம் நித்திரை இல்லை. நானாகவே அறிவித்ததும், சிஞ்ஞோரா சாட்சி சொன்னதும் கணக்கில் எடுக்கப்பட்டு, என் விடயம் வழக்காகாமல் முடிந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். தயவுசெய்து என்னை முன்மாதிரியாக எடுக்க வேண்டாம். நான் செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வேலை செய்யும் வீட்டில் துவக்கோ அதன் பாகமோ கண்டால் கையை எடுங்கள். பையில் போடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வீட்டுக்காரர் "எறி" என்று சொன்னாலும் எறியாதீர்கள்.

இரண்டு: வீட்டுக்காரருக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ உடனே சொல்லுங்கள். பெற்றோரிடமிருந்து வந்த ஆயுதத்தையும் அறிவிப்பது அவர்களுடைய கடமை. அவர்கள் தட்டிக்கழித்தால் நீங்களே 112க்கு அழைக்கலாம். கண்டெடுத்த ஆயுதத்தையோ பாகத்தையோ உடனடியாக அதிகாரிகளிடம் சேர்க்க வேண்டும், அவர்கள் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் காவிக்கொண்டு போகாமல், அவர்களை வந்து எடுக்கச் சொல்வதே பாதுகாப்பு.

மூன்று: எறிகணையோ கைக்குண்டோ போன்ற ஒன்றைக் கண்டால் அசைக்கவே கூடாது. எண்பது வருடம் போனாலும் வெடிமருந்து சாகாது. ஊரில் வயல்களில் கண்ணிவெடி கிடந்த கதை எங்களுக்குத் தெரிந்ததுதானே. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 112க்கு அழையுங்கள்.

நான்கு: வாக்குமூலம் கொடுக்கும்போது மொழி முழுதாக விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரையும் சட்டத்தரணியையும் கேளுங்கள். விளங்காததில் கையெழுத்து வைக்காதீர்கள். பிரதி இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஐந்து: பிள்ளைகளோடு பேசுங்கள். இதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. துவக்கு என்ற சொல்லையே வீட்டில் எடுக்காமல் வளர்த்தால் பிள்ளைக்கு அது வெறும் இயந்திரமாகத்தான் தெரியும். அவன்மேல் பிழையில்லை. என் மகனுக்கு அந்த மணம் தெரியாது. தெரியாமல் வளர்ந்தது எங்களுடைய வெற்றி. ஆனால் ஏன் அம்மா பேசாமல் போனா என்பதை யாராவது அவனுக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் ஓர் இரவு அவவே சொன்னா. என்ன சொன்னா என்பது எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

அடுத்த கோடையில் மகன் சிநேகிதர்களோடு கத்தானியாவுக்குப் போனான். அங்கே 'லே சிமினியேரே' என்ற பழைய கந்தகத் தொழிற்சாலைக் கட்டடத்தில் 1943 தரையிறக்கத்துக்கென்று ஒரு நூதனசாலை உண்டு. அந்தக் காலத்துச் சீருடைகளும் ஆயுதங்களும் அங்கே இருக்கின்றன. திரும்பி வந்து, "கண்ணாடிக்குப் பின்னால வைச்சிருக்கினம் அம்மா" என்றான். "அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி அவ அவனுக்குத் தேத்தண்ணி போட எழும்பினா.

சிஞ்ஞோராவின் அண்ணன் துவக்கை மூன்றாகக் கழற்றினால் போர் தன் வீட்டுக்குள் வராது என்று நினைத்திருப்பார். அது எண்பது வருடம் காத்திருந்து, வேறொரு போரில் இருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது. துண்டாய்க் கிடந்தாலும் துவக்குத்தான், நேயர்களே. கண்டால் தொடாதீர்கள், சொல்லுங்கள்.